சிறிய படகா, பெரிய படகா?



இப்பகுதிக்கு வரும் கடிதங்களுள் பெரும்பாலானவை மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, மகனின் மேற்படிப்பு, மாமியார் மருமகள் மனத்தாங்கல் ஆகியவற்றைப் பற்றியே இருக்கும். இத்திங்கள் வந்துள்ள ஒரு கடிதமோ படகு பற்றியது. அதுவும் காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ அன்று; திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து வந்திருக்கிறது! மரக்கலம் ஓட்டிய மரபினர் கடற்கரையில் இருக்க, குடத்துத் தண்ணீருக்கே குழாயைப் பார்த்துக் காத்திருந்து பழகிய சமவெளி ஊரிலிருந்து ஒரு தாய் படகைப் பற்றிக் கேட்கிறார் என்றவுடன் முதலில் எனக்குச் சிரிப்பு வந்ததை மறைக்கவில்லை. கடிதத்தை முழுவதும் படித்த பிறகு அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

செய்தி இதுதான். அச்சகோதரியின் கணவர் பூட்டு வியாபாரம் செய்பவர். மகன் துபாயில் ஆறாண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அங்கே கடற்கழியில் இரவு விருந்துடன் சுற்றிவரும் இரண்டடுக்குப் படகொன்றின் சமையற்கட்டில் வேலை. மகளைத் தொண்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மருமகப் பிள்ளைக்குத் தெரிந்தவரிடம் 36 அடி நீளமுள்ள பழைய பைபர் மீன்பிடிப் படகு விலைக்கு வந்திருக்கிறதாம். அதை வாங்கி, மேலே ஒரு தளம் கட்டி, 36 இருக்கைகள் போட்டு, சுற்றுலாப் பயணிகளை ஏற்றலாம் என்று மைத்துனர் இருவரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். பிள்ளையின் அத்தாவோ, "எட்டுப் பேர் அமரும் 18 அடிப் புதுப் படகொன்று வாங்கி, தொழிலைக் கற்றுக்கொண்டு, பிறகு பெரிதாகப் போகட்டும்" என்கிறார். வட்டிக்குக் கடன் வாங்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஆகவே மகனின் சேமிப்போடு தாயின் 40 பவுன் நகையும் சேர்ந்தால்தான் எந்தப் படகும் வரும்.

"பெரிய படகு என்றால் பத்திரமானதுதானே? சிறிய படகு கவிழ்ந்துவிடாதா? நகை போவது பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் இதில் மருமகனுக்கு 'வேண்டாம்' என்று சொன்னால் என் மகள் முகம் வாடும். என்ன சொல்வது?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரியே, உங்கள் கேள்வி ஒன்றாகத் தெரிந்தாலும் அதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எது பத்திரமானது, எது பிழைக்கும், மருமகனிடம் எப்படிச் சொல்வது? முதலாவதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். ஏனெனில் "பெரியது பத்திரமானது" என்னும் எண்ணம் உங்களுக்கு மட்டுமன்று, நம்மில் பலருக்கும் இருக்கிறது.

உங்கள் ஊரிலிருந்து தேக்கடி அதிக தூரமில்லை. கம்பம் வழியாக மலையேறினால் அரை நாளில் போய்விடலாம். அங்குள்ள பெரியாற்று ஏரியில் 2009 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று மாலை 'ஜலகன்யகா' என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. அது பழைய ஓட்டைப் படகன்று. அண்மையில்தான் ஓடத் தொடங்கியிருந்த இரண்டடுக்குப் பைபர் படகு. ஏறியிருந்தவர்கள் எழுபதுக்கும் மேற்பட்டோர். இறந்தவர்கள் 45 பேர். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களுள் பலர். கரையில் விலங்குகளைக் கண்டு பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்ததும் படகு சாய்ந்து புரண்டது என்று அப்போது செய்திகள் வெளியாயின. புயல் இல்லை, அலை இல்லை, பாறையில் மோதவும் இல்லை. அணையில் தேங்கிய அமைதியான நீர். ஜன்னலோரம் எட்டிப் பார்க்கும் இயல்பான ஆவல். அவ்வளவே.

அது எப்படி நிகழ்கிறது? உங்கள் கணவருக்கு இது எளிதில் விளங்கும். திண்டுக்கல் பூட்டுக்காரர் பூட்டைத் தூக்கிப் பார்த்து மதிப்பிடமாட்டார். உள்ளே எத்தனை நெம்புகோல் என்றுதான் பார்ப்பார். படகுக்கும் அப்படி உள்ளே ஒரு விஷயம் உண்டு. படகும் அதிலுள்ள ஆட்களும் பொருள்களும் சேர்ந்த எடையெல்லாம் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால் அதுவே ஈர்ப்பு மையம். படகு சாயும்போது நீர் அதைத் தள்ளி நிமிர்த்த முயல்கிறது. ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும் வரை நிமிர்த்தும் வலிமை மிகுதி. அது உயர உயர அவ்வலிமை குறைந்துகொண்டே வரும்; ஓர் எல்லையைத் தாண்டினால் நிமிர்த்த வேண்டிய நீரே கவிழ்க்கத் தொடங்கிவிடும். இந்த எல்லைக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் இடையேயுள்ள உயரத்தை நிலைப்பு உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மகனை அருகில் அமர்த்திக்கொண்டு படியுங்கள். படகும் ஆட்களும் சேர்ந்து 6,000 கிலோ என்றும், நிலைப்பு உயரம் 1 மீட்டர் என்றும் கொள்வோம். ஆளுக்கு 60 கிலோ வீதம் 20 பேர், 1,200 கிலோ. கீழ்த்தளத்தில் இருக்கும் இவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாக 1 மீட்டர் நகர்ந்தால் படகு ஏறக்குறைய 11 பாகை சாயும். அச்சம் தரும், ஆபத்து இராது. இதே 20 பேரை 2 மீட்டர் உயரத்தில் மேல்தளத்துக்கு ஏற்றிவிடுங்கள். ஈர்ப்பு மையம் 40 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். நிலைப்பு உயரம் 60 ஆகச் சுருங்கும். இப்போது அதே 1 மீட்டர் நகர்ந்தால் சாய்வு 18 பாகை. மேல்தளத்தின் பலகை, இரும்புக் குழாய், கூரைத் தகடு ஆகியவற்றின் எடை 600 கிலோ என்று அதையும் சேர்த்தால் 20 பாகையைத் தாண்டிவிடும். 10 அடி அகலமுள்ள படகில் அப்போது ஒரு பக்க விளிம்பு 2 அடி கீழே இறங்கியிருக்கும். விளிம்புக்கும் நீருக்கும் இடைவெளியே 2 அடிதான் என்றால்? நீர் உள்ளே வரும். ஆட்கள் மெதுவாக நகராமல் திடீரென்று ஓடினார்களானால் படகு இந்தக் கணக்கைவிடவும் மிகுதியாகச் சாயும்.

இக்கணக்கில் படகின் நீளம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நீளமான படகு அலையைச் சமாளிக்கும்; உண்மை. ஆனால் பக்கவாட்டில் புரளுவதைத் தடுப்பவை அகலமும், எடை எங்கே இருக்கிறது என்பதும்.

இதை உலகம் அறியாததன்று. 1628 ஆகஸ்டு 10 அன்று சுவீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 'வாஸா' என்னும் போர்க்கப்பல் தன் முதல் பயணத்திலேயே, கரையில் மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, முழுதாக இரண்டு கிலோமீட்டரும் போகாமல் மூழ்கியது. அதற்கு முன்பே கப்பல் கரையில் நின்றபோது 30 மாலுமிகளை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடச்செய்து சோதித்தார்கள். மூன்று முறை ஓடியதுமே கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு, போதும் என்று தளபதி நிறுத்திவிட்டார். நிறுத்தியது ஓட்டத்தை மட்டுமே. பயணத்தை நிறுத்தவில்லை. மன்னர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்; 'சரியில்லை' என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது உங்கள் மகனின் திட்டத்துக்கு இதைவிட நெருக்கமானது. 1915 ஜூலை 24 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு தொழிற்சாலையின் ஊழியர்கள் மனைவி மக்களோடு உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். 'ஈஸ்ட்லாண்ட்' என்னும் கப்பலில் 2,500 பேருக்கும் மேல் ஏறியிருந்தனர். கப்பல் துறையில் கட்டப்பட்டிருந்த நிலையிலேயே ஒரு பக்கமாகப் புரண்டு படுத்துவிட்டது. கரையிலிருந்து கைநீட்டும் தொலைவில் 844 பேர் மாண்டனர். அக்கப்பலின் மேல்பாரம் அண்மையில்தான் கூடியிருந்தது. எதனால் தெரியுமா? 1912 இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு கப்பல்களில் கூடுதல் உயிர்காப்புப் படகுகள் வைக்கவேண்டும் என்று ஏற்பட்டதால், அவற்றை மேல்தளத்தில் ஏற்றியிருந்தார்கள். நல்ல நோக்கத்தோடு ஏற்றிய பாரமானாலும் பாரம் பாரம்தான்.

இனி மலையாளக் கரைக்கு வருவோம். நம் வீடுகளில் பலரும் அன்று இரவெல்லாம் தொலைக்காட்சி முன் அமர்ந்து கண்ணீர் வடித்த நிகழ்ச்சி. 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை. மலப்புறம் மாவட்டம் தானூரில் பூரப்புழை கடலோடு கலக்கும் இடத்தருகே 'அட்லாண்டிக்' என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களுள் 15 பேர் குழந்தைகள். கோடை விடுமுறைக்கு ஒன்றுகூடியிருந்த ஒரே குடும்பத்தில் 11 பேர். அப்படகு மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது. மேலே ஒரு தளம் கட்டப்பட்டிருந்தது. அனுமதிக்கப்பட்டதைவிட மிகுதியான ஆட்கள் ஏறியிருந்தார்கள். பொழுது சாய்ந்த பிறகும் ஓட்டம் நடந்தது. கவிழ்ந்தபோது உள்ளே இருந்தவர்களால் வெளியே வர இயலவில்லை.

சகோதரியே, உங்கள் கடிதத்தில் மருமகப் பிள்ளையின் திட்டம் என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிகளையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நான் வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

மீன்பிடிப் படகு கெட்ட படகன்று. அது செய்யப்பட்ட வேலைக்கு அது சிறந்த படகு. அதன் பாரமாகிய வலையும் பனிக்கட்டியும் மீனும் அடித்தட்டில் கிடக்கும். பாரம் ஏற ஏற அது தாழ்ந்து அமரும். ஏறியிருப்பவர்களோ படகின் ஆட்டத்துக்கு ஏற்பக் காலூன்றத் தெரிந்த நாலைந்து பேர். அதே படகின் வயிற்றைக் காலியாக்கி, தலையில் கூட்டத்தை ஏற்றினால் அது வேறு படகாகிவிடுகிறது. உங்கள் மகன் துபாயில் பார்த்த விருந்துப் படகுகளும் இரண்டடுக்குத்தானே என்று கேட்பார். கேட்கட்டும். அவை பருத்த வயிறும் கனத்த மரக்கட்டையும் கொண்ட சரக்குக் கலங்களின் வழிவந்தவை. அடிப்பாகம் அத்தனை கனமாக இருப்பதனால் மேலே ஒரு தளத்தைத் தாங்குகின்றன. அதே கழியில் 'அப்ரா' என்னும் சிறு படகுகள் நாள் முழுவதும் மக்களைக் கரை மாற்றுவதையும் அவர் பார்த்திருப்பார். ஏறக்குறைய இருபது பேர் நடுவில் முதுகோடு முதுகாக, தாழ்வான ஒரே பலகையில் அமர்ந்து போவார்கள். அழகென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் எடை நடுவிலும் தாழ்விலும் இருக்கிறது. ஆறாண்டு விருந்துப் படகில் வேலை பார்த்தவர் அப்ராவை ஏறெடுத்தும் பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். இளைஞர்களின் கண் விளக்கு எரியும் பக்கம்தானே போகும்!

அப்படியானால் சிறிய படகே சிறந்தது என்று அத்தா வெற்றிப் புன்னகை பூக்க வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டு ஏரியில் சிறிய படகொன்றில் உல்லாசமாகப் போன குடும்பத்தினர் 22 பேர் மூழ்கி இறந்தார்கள். அளவுக்கு மீறிய ஆட்கள். உயிர்காப்பு மேலாடை கிடையாது. சிறிய படகுக்கென்று சில குறைகள் உண்டு. 18 அடிப் படகு எஞ்சினோடு 700 கிலோ என்றால், எட்டுப் பேர் ஏறும்போது அவர்களே 480 கிலோ. அதாவது மொத்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு ஆட்களே. ஒருவர் எழுந்து நின்றாலும் படகுக்குத் தெரியும். குழந்தை விளிம்பில் சாய்ந்தாலும் தெரியும். பெரிய படகில் கூட்டம் நகர்ந்தால்தான் கேடு. சிறிய படகில் தனியொருவர் போதும்.

தொண்டிக் கடலும் ஏரியன்று. பாக் நீரிணை ஆழம் குறைந்தது. ஆழமில்லாத கடலில் காற்றடித்தால் அலை உயரமாக இராது. ஆனால் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். சிறிய படகு ஒவ்வோர் அலையிலும் தூக்கிப்போடும். வேகம் கூட்டினால் அடிப்பாகம் அலைமீது அறையும். நன்னிமாரையும் கருவுற்ற பெண்களையும் ஏற்றிக்கொண்டு அதில் போக முடியாது. நம் பெண்கள் நீளமான உடையும் புர்காவும் அணிந்து வருபவர்கள். ஆடிக்கொண்டிருக்கும் சிறிய படகின் விளிம்பைத் தாண்டி ஏறி இறங்குவது அவர்களுக்குப் பெரும் சங்கடம். கைப்பிடியுள்ள படியும் அகலமான மிதிபலகையும் இல்லாத படகில் குடும்பங்கள் ஏறமாட்டா. இவை எல்லாம் பெரிய படகின் பக்கமுள்ள நியாயங்கள். நிழல் இருக்கும், உடை நனையாது, படகோட்டி நின்று நாற்புறமும் பார்க்கலாம்.

ஆழமின்மைக்கு வேறொரு விளைவும் உண்டு. பெரிய படகு நீரில் ஆழமாக அமரும். அலையாத்திக் காட்டுக் கால்வாய்களுக்குள் அது நுழையாது. பிச்சாவரத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்: எஞ்சின் படகு அகன்ற நீர்ப்பரப்போடு நின்றுவிடும், மரங்கள் கூரை வேய்ந்த குறுகிய வழிகளில் துடுப்புப் படகுதான் போகும். அங்கே வருகிறவர்கள் பார்க்க விரும்புவதோ அந்தக் குறுகிய வழிகளைத்தான். சம்பாதிக்கும் படகு எது என்பதை அந்த இடத்தின் தண்ணீர்தான் சொல்லும்.

இதோ, இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டோம். 36 இருக்கை, நாளைக்கு 5 ஓட்டம், மாதம் 5,400 பயணிகள் என்று மகன் கணக்கெழுதிக் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். பெருக்கல் சரியாகத்தான் இருக்கிறது! ஆனால் பள்ளிக்கூடம் நடக்கும் செவ்வாய்க்கிழமை காலையில் அந்த 36 பேர் எங்கிருந்து வருவார்கள்? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தக் கரை கொந்தளித்திருக்கும் மாதங்களில் எத்தனை நாள் படகு இறங்கும்? எட்டுப் பேர் வந்தாலும் பெரிய எஞ்சின் ஏறக்குறைய அதே டீசலைத்தான் குடிக்கும். ஆகவே படகுக்காரர் கூட்டம் சேரும்வரை காத்திருப்பார். வந்தவர்கள் வெயிலில் முணுமுணுப்பார்கள். பிறகு பண்டிகை மறுநாள் 50 பேர் வந்து நிற்கும்போது, மாதமெல்லாம் வராத பணம் கண்முன் நிற்கும். "இன்னும் நாலு பேர்தானே, ஏறட்டும்" என்று வாய் வரும். பொழுது சாய்ந்த பிறகும் "கடைசி ஓட்டம்" ஒன்று தோன்றும். அளவுக்கு மீறி ஏற்றுபவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று நான் நம்பவில்லை. பெரிய செலவு அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கும்.

நீளத்தை இரண்டு மடங்காக்கினால் செலவும் இரண்டு மடங்கு என்று எண்ணுவது மற்றொரு பிழை. நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு. எஞ்சினும் எரிபொருளும் அதை ஒட்டியே வளரும். 18 அடிப் படகை வண்டியில் வைத்து இழுத்து வீட்டு வாசலில் நிறுத்திச் சிப்பி சுரண்டலாம். வெளியே தொங்கும் எஞ்சினைக் கழற்றிப் பழுதுபார்க்கக் கொடுக்கலாம். 36 அடிப் படகைக் கரையேற்றவே ஆளும் பொறியும் கூலியும் வேண்டும். உள்ளே பொருத்திய பழைய டீசல் எஞ்சின் மே மாதத்தில் நின்றால், அவ்வாண்டு வருமானம் அத்தோடு நின்றது.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1917 ஆம் ஆண்டுப் பழைய சட்டத்துக்குப் பதிலாக உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021 இல் வந்தது. எஞ்சின் பொருத்திய படகை உள்நாட்டு நீர்நிலையில் ஓட்ட அளவாய்வுச் சான்று, பதிவு, தகுதியுள்ள ஓட்டுநர், காப்பீடு என்று அதில் நிபந்தனைகள் உண்டு. கடலில் இறங்கினால் விதிகள் வேறு; தமிழ்நாடு கடல்சார் வாரியத்தைக் கேட்க வேண்டும். மீன்பிடிப் படகுகள் 1983 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவாகியிருக்கும். அது மீன் பிடிக்கப் பெற்ற பதிவு. பயணிகளை ஏற்றுவதற்கான அனுமதியன்று. "பேப்பர் எல்லாம் இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால், எந்தப் பேப்பர் என்று கேட்க வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. பல்லாண்டுகளுக்கு முன் ஓர் அணைக்கட்டில் பிள்ளைகளோடு படகேறினேன். உயிர்காப்பு மேலாடைகள் இருக்கின்றனவா என்று கேட்டபோது உதவியாளர் சிரித்துக்கொண்டே இருக்கைக்கு அடியில் சுட்டினார். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்து இறுக முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள், திருடு போகாதிருக்க! அம்முடிச்சை அவிழ்க்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அதற்குள் படகு போய்வந்துவிட்டது. பெரியவர்களின் மேலாடையைக் குழந்தைக்கு மாட்டினால், நீரில் விழும்போது குழந்தை கீழே நழுவ மேலாடை மட்டும் மிதக்கும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. குழந்தைகளுக்குத் தனி அளவும் கால்களுக்கிடையே மாட்டும் பட்டையும் வேண்டும். கண்ணாடி அடைத்த அறையுள்ள படகு கவிழ்ந்தால், மேலாடை அணிந்தவரையே அது கூரையோடு அழுத்தி வைத்துவிடக்கூடும். திறந்த படகில் அந்த ஆபத்தில்லை.

ஆகவே சகோதரியே, என் கருத்து உங்கள் கணவருடையதும் அன்று, மருமகனுடையதும் அன்று. பழைய படகின்மேல் தளம் கட்டுவது வேண்டவே வேண்டாம். அதில் எனக்கு இரண்டு மனமில்லை. எட்டுப் பேருக்கான 18 அடிப் படகும் அந்தக் கடலுக்குச் சற்றுச் சிறியது. 22 அல்லது 24 அடி நீளத்தில், நன்கு அகலமானதாக, ஒரே தளத்தில், மேலே துணிக்கூரை மட்டும் போட்ட, 10 அல்லது 12 பேர் தாழ அமரும் திறந்த படகொன்றைப் பாருங்கள். இருக்கைகள் தரையோடு பிணைத்திருக்க வேண்டும். எழுந்து நடக்க இடமிருக்கக் கூடாது. ஓராண்டு ஓடட்டும். பணம் சேர்ந்தால் அதே அளவில் இன்னொன்று வாங்கலாம். பெரியது ஒன்றைவிடச் சிறியவை இரண்டு மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம், ஒன்று பழுதானால் மற்றது ஓடும். ஒன்றுக்கு ஆபத்தென்றால் மற்றது ஓடிவரும். நாலு பேர் வந்தால் ஒன்றை மட்டும் இறக்கலாம்.

மருமகனிடம் என்ன சொல்வது? நீங்கள் 'வேண்டாம்' என்று சொல்லாதீர்கள். மாமியார் வாயிலிருந்து வரும் அந்த ஒரு சொல்லைத்தான் மகள் ஆயுள் முழுவதும் சுமப்பாள். "மாப்பிள்ளை, படகின் நிலைப்புச் சோதனைத் தாள் ஒன்று வாங்கி வாருங்கள், பணம் தருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். வாஸாவில் ஆட்களை ஓடவிட்டுச் செய்த சோதனையை இன்று அளந்த எடைகளைப் படகில் இடம் மாற்றி வைத்து, சாய்வை அளந்து, முறையாகச் செய்கிறார்கள். கலவடிவமைப்புப் படித்தவர்கள் இதற்கென்றே இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறையிலும், கொச்சிப் பல்கலைக்கழகத்தின் கப்பல் தொழில்நுட்பத் துறையிலும் கற்றவர்களை விசாரித்தால் இத்தகைய வேலை செய்பவர்கள் கிடைப்பார்கள். மேல்தளத்தோடும், அதில் முழுக் கூட்டத்தோடும், அவர்கள் ஒரு பக்கம் நகர்ந்த நிலையிலும் படகு எவ்வளவு சாயும் என்று எண்ணில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பழைய படகு அதில் தேறிவிட்டால் நான் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வாங்கிக்கொள்ளலாம். தேறாவிட்டால் 'வேண்டாம்' என்று சொன்னது தாள்; நீங்களல்லர்.

மகனுக்கும் ஒரு வேலை தருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் பதினைந்து நாள் தொண்டிக்குப் போய் மச்சான் வீட்டில் தங்கட்டும், விருந்தும் ஆயிற்று. காலையும் மாலையும் கரையில் அமர்ந்து, எத்தனை நாள் சிறு படகுகள் இறங்கின, எத்தனை நாள் இறங்கவில்லை, வெளியூர்க் குடும்பங்கள் எத்தனை வந்தன, ஒரு குடும்பத்தில் எத்தனை பேர், அவர்களில் நடக்க இயலாத முதியவர் எத்தனை, கைக்குழந்தை எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்து வரட்டும். அந்த நோட்டைப் பார்த்தபிறகு 36 இருக்கைக் கணக்கை அவரே திரும்பப் போடட்டும். போட்டதை எனக்கும் எழுதி அனுப்புங்கள். அதுவரை நகைகள் பீரோவிலேயே இருக்கட்டும்.